கொள்முதல் நிலையத்துக்குத் திரும்பும் முன்

லீட்ஸ்,
நவம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

தலையில் அடிபட்ட நீ நெல் கொள்முதல் நிலைய வேலைக்கு எப்படித் திரும்புவது என்றுதான் எழுதுகிறேன். இதை ஒரே மூச்சில் படிக்காதே. இரண்டு பத்தி படி, மடித்து வை, தலை கனக்காவிட்டால் மறுபடி எடு. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு வரும் தலைக்காயக்காரர்களிடம் நாங்கள் முதலில் சொல்வதும் இதுதான்.

இங்கே குளிர் பிடித்துவிட்டது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போகும் விஷயத்தில் மட்டும் இந்த ஊர்க்காரர்களிடம் எனக்கு ஒன்று பிடிக்கும். மாதக்கணக்கில் படுத்திருந்தவனை "நாளைக்கே முழு நாள் வா" என்று இழுக்க மாட்டார்கள். டாக்டர் தரும் சீட்டுக்கு ஃபிட் நோட் என்று பெயர். 2010லிருந்து அதில் "இந்த மாற்றங்களோடு வேலை பார்க்கலாம்" என்று எழுதவும் இடமுண்டு: குறைந்த நேரம், லேசான வேலை, படிப்படியாகத் திரும்புவது, உட்காரும் இடத்தில் வசதி. நம் பக்கம் ஃபிட், அன்ஃபிட் என்று இரண்டே பேச்சு. நடுவில் உள்ள வழியை நீதான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இரண்டாவது ஸ்கேன் சுத்தமாக வந்ததும் அப்பா "எல்லாம் சரியாகிவிட்டது" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். ஸ்கேன் ரத்தக் கசிவைக் காட்டும், எலும்பு முறிவைக் காட்டும். அடிபட்ட வேகத்தில் உள்ளே இழுபட்ட மெல்லிய நரம்பிழைகளைப் பெரும்பாலும் காட்டாது. உன் அறிவு எங்கும் போகவில்லை. மேட்டூரைத் திறந்த பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகிறதே, அப்படித்தான் காதில் விழுந்தது பதிலாக வெளியே வர நேரம் பிடிக்கிறது. அதை முக்கி முனைந்து ஈடுகட்டப் பார்க்கிறாய், சீக்கிரம் களைத்துப்போகிறாய். களைத்த பிறகுதான் எண் மாறுவதும், வார்த்தை வராததும், அம்மாவிடம் எரிந்து விழுவதும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜிசிஎஸ் 12 என்று இருந்தது. அடிபட்டவர் எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்பதற்குப் போடும் மதிப்பெண் அது. 15க்கு 9 முதல் 12 வரை நடுத்தரக் காயம். முதல் ஆறு மாதம் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், பிறகு இரண்டு வருஷம் வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும், மெதுவாக நடக்கும். நீ இப்போது ஐந்தாம் மாதத்தில் இருக்கிறாய்.

எங்கள் வார்டில் ஒரு சின்னச் சமையலறை உண்டு. அங்கே ஆளை டீ போடச் சொல்வோம். பாதியில் வேண்டுமென்றே ஒரு கேள்வி கேட்போம். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புகிறாரா, சர்க்கரையை இரண்டாம் தடவை போடுகிறாரா, போட்டது தப்பென்று தானே கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்போம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். தன் தப்பு தன் கண்ணில் படாத ஆளைப் பணம் புழங்கும் மேசையில் தனியாக உட்கார வைக்கக் கூடாது. நீயும் வீட்டில் டீ போடு. அம்மா பக்கத்தில் நின்று பார்க்கட்டும், வாய் திறக்காமல். (அது அவளுக்குத்தான் கஷ்டம்.)

செல்போனில் மூளைப் பயிற்சி விளையாட்டு ஆடுகிறாயாம். அதில் புள்ளி ஏறும், கொள்முதல் நிலையத்தில் விவசாயிக்குப் பட்டியல் போடும் திறமை பெரிதாக ஏறாது. பழைய பட்டியல் நகல்களை எடு. விவசாயி பெயர், சிப்பம் (நெல் மூட்டை), ஈரப்பதம், தொகை எனப் பத்து வரி. 15 நிமிஷத்துக்கு அலாரம் வை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அலாரம் அடித்ததும் எழுந்துவிடு. "இன்னும் கொஞ்சம்" என்று இழுத்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். பயிற்சிக்கு முன்னும் பின்னும் தலைவலி பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடு. இருந்ததைவிட இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினாலோ, ஏறியது ஒரு மணி நேரத்தில் தணியாவிட்டாலோ மறுநாள் நேரத்தைக் குறை. ஒரு வாரம் தொல்லை இல்லையென்றால் ஐந்து நிமிஷம் கூட்டு. முதலில் அமைதியான அறை, பிறகு ரேடியோ ஓட, கடைசியில் யாராவது குறுக்கே பேச. கொள்முதல் நிலையத்தில் தூற்றும் இயந்திரமும் லோடுமேன்களின் குரலும் எந்நேரமும் இருக்கும், அதற்குப் பழகாமல் போனால் முதல் மணி நேரத்திலேயே தலை சுற்றும்.

நினைவுக்கு ஒரே ஒரு நோட்டு, சட்டைப்பையில் அடங்குவதாக. காலண்டரில் பாதி, செல்லில் பாதி என்று எழுதினால் எதில் எழுதினோம் என்பதே மறக்கும். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திரு. பகல் தூக்கம் மூன்று மணிக்குள், அரை மணிதான். தலைவலி மாத்திரை மாதத்தில் 15 நாளைத் தொட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். வலிப்பு மாத்திரையை நீயாக நிறுத்தாதே. டாக்டர் சொல்லும்வரை பைக்கும் வேண்டாம், சாராயக் கடைப் பக்கமும் வேண்டாம்.

இப்போது வேலை. குறுவைக் கொள்முதல் ஓய்ந்து சம்பா வருவதற்கு முந்தைய இந்த இடைவெளிதான் உனக்கு வாய்ப்பு. பொங்கலுக்குப் பிறகு முதல் நாளாகப் போய் உட்கார்ந்தால் தாங்காது. முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் இரண்டு மணி நேரம், பழைய பதிவேடு சரிபார்ப்பது மட்டும். அடுத்த இரண்டு வாரம் அரை நாள், சாக்கு இருப்புக் கணக்கோடு. பிறகு ஈரப்பதம் பார்ப்பது: நெல் 17 சதவீத வரம்பைத் தாண்டுகிறதா என்று கருவியில் படிப்பது ஒரே வேலை, குழப்பம் குறைவு. பட்டியல் போடுவது கடைசியில்தான். ஈரப்பதம் கேட்டு, 40 கிலோ சிப்பத்தை எண்ணி, எதிரில் நிற்கிறவருக்குப் பதில் சொல்லி, தொகையும் எழுத வேண்டும். நாலும் ஒரே சமயத்தில் வரும். பிப்ரவரி நெரிசலில் அந்த நாற்காலி வேறு ஒருவருடையதாக இருக்கட்டும். நீ போட்டதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடும் ஏற்பாடும் கேள். முதல் நாள் நன்றாகப் போனது என்று படியைத் தாண்டாதே, களைப்பு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் பிடிக்கும்.

நீ நிரந்தரப் பணியாளன். அரசு நிறுவனத்தில் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. மேலதிகாரியிடம் சண்டைக்கு எடுத்துப்போகாதே, விண்ணப்பத்தில் ஒரு வரியாக எழுது, போதும்.

தலைவலி நாளுக்கு நாள் கூடினால், வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், ஒரு பக்கம் கைகால் சோர்ந்தால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் காத்திருக்காமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு.

விண்ணப்பத்தை எழுதியதும் படம் எடுத்து அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். ஞாயிறு உங்கள் நேரம் காலை பதினோரு மணிக்கு அழைக்கிறேன், அதற்கு முன் தலைக்கு ஓய்வு கொடு.

அன்புடன்,
அக்கா