அந்தப் பத்து வினாடி யாருக்கு? வாகன விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஜெனீவாவில் கூடும் ஐ.நா. வாகன விதிமுறை உலக மன்றத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கார் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு உங்கள் மன்றத்தின் பெயரே தெரியாது. ஆனால் பிரேக்கிலிருந்து ஹெட்லைட் வரை எது எப்படி இருக்க வேண்டும் என்று 1958 ஒப்பந்தத்தின் கீழ் எழுதுகிறவர்கள் நீங்கள்தான். அமெரிக்காவும் சீனாவும் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. இருந்தும் 1998-இன் இன்னொரு ஒப்பந்தம் வழியாக அவர்களும் உங்கள் கூட்டங்களில் உட்காருகிறார்கள். அதனால்தான் இந்த மடலை எந்தக் கார் கம்பெனிக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. கார் தானாகத் திரும்பி, தானாக பிரேக் போட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விபத்து நடந்தால், அதைத் தடுக்க யாருக்கு நேரம் இருந்தது என்று முதலில் பாருங்கள். பொறுப்பும் அவரிடமே இருக்கட்டும். இன்றைய விதிகள் அப்படி இல்லை.

நீங்கள் எழுதிய இரண்டு விதிகளையே எடுத்துக்கொள்கிறேன். முதலாவது 157-ஆம் விதி. 2020 ஜூனில் ஏற்று, 2021 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். நெடுஞ்சாலையில் தடம் மாறாமல் கார் தானே ஓடும் அமைப்புக்கானது. முதலில் மணிக்கு 60 கி.மீ. வரை, பிறகு 130 வரை அனுமதித்தீர்கள். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இயந்திரத்தால் சமாளிக்க முடியாத நிலை வருகிறதென்றால் 'நீ எடுத்துக்கொள்' என்று மனிதரைக் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லாவிட்டால் பத்து வினாடி பொறுத்து, அப்புறம் தானாகவே வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். மனிதருக்கு நிமிர்ந்து உட்காரவும், சாலையைப் பார்க்கவும், என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளவும் நேரம் வேண்டும் என்பதை இந்த விதியை எழுதியவர்கள் தெரிந்தே வைத்திருந்தார்கள்.

இரண்டாவது 171-ஆம் விதி, 2024-இல் வந்தது. ஓட்டுநருக்கு உதவும் அமைப்புகளுக்கானது. தொழிலில் இருப்பவர்கள் லெவல் 2 என்கிறார்களே, அந்த வகை. இங்கேயும் கார்தான் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது, பிரேக் போடுகிறது. ஆனால் முழு நேரமும் பொறுப்பு ஓட்டுநருடையது. பத்து வினாடி கிடையாது. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: ஓட்டுநர்தான் ஓட்டிக்கொண்டே இருக்கிறார், பிறகு யார் யாரிடமிருந்து வாங்குவது? காகிதத்தில் இது சரி. இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஸ்டீயரிங் தானாக அசைகிறது, முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி தானாகக் கூடிக் குறைகிறது. முதல் நாள் பயம், பத்தாம் நாள் பழக்கம்.

அந்தப் பழக்கத்தை ஓட்டுநரின் ஒழுக்கக் குறையாகப் பார்ப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. எப்போதாவது மட்டும் தவறும் ஒன்றை விடாமல் கவனித்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்கு ஒத்துவராத வேலை. இது இன்று கண்டுபிடித்ததும் இல்லை. ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் படைவீரர்கள் ஏன் கோட்டைவிடுகிறார்கள் என்று ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், ஒரு கடிகார முள்ளை மணிக்கணக்கில் கவனிக்கச் சொல்லிச் சோதித்தார். அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்கியது. 1948-இல் வெளியான முடிவு இது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் அதே வேலையைக் கொடுக்கிறோம், இம்முறை லட்சக்கணக்கான சாதாரண மனிதர்களுக்கு, எந்தப் பயிற்சியும் இல்லாமல்.

விளைவு ஏட்டிலேயே இருக்கிறது. சாலையோரம் நின்ற போலீஸ் வண்டிகளிலும் தீயணைப்பு வண்டிகளிலும் டெஸ்லா கார்கள் மோதியதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்தது. 2022-இல் அது வெளியிட்ட குறிப்பில் 16 மோதல்கள் பற்றி ஒரு வரி வருகிறது: முதல் மோதலுக்குச் சராசரியாக ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் இருக்கும்போது டெஸ்லாவின் உதவி அமைப்பான ஆட்டோபைலட் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. அதே குறிப்பில் இன்னொன்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வீடியோ கிடைத்த சம்பவங்களில், முன்னால் வண்டி நிற்பது ஓட்டுநரின் கண்ணுக்குச் சராசரியாக 8 வினாடி முன்பே தெரிந்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்திருக்கும், சரி. பார்க்கத் தேவையில்லை என்ற நினைப்பை அவருக்குள் வளர்த்தது எது?

2025 மார்ச்சில் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஷாவ்மி கார் ஒன்று கான்கிரீட் தடுப்பில் மோதி மூன்று மாணவிகள் இறந்தார்கள். நிறுவனமே சொன்ன விவரப்படி, உதவி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தபோது வேகம் மணிக்கு 116 கி.மீ. எச்சரிக்கை வந்து, ஓட்டுநர் கையில் எடுத்து, மோதும்போது வேகம் 97. இடையில் இருந்தது சில வினாடிகள்தான். 116 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 32 மீட்டர் போய்விடும். உங்கள் 157-ஆம் விதி தரும் பத்து வினாடி என்றால் 320 மீட்டர். உயிர் பிழைக்கப் போதுமான தூரம் அது.

ஆனால் பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க டெம்பிக்குத்தான் போக வேண்டும். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் அந்த நகரத்தில் தானாக ஓடிய ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவரை மோதிக் கொன்றது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையைப் படித்தால் வயிற்றைப் பிசையும். மோதலுக்கு 5.6 வினாடி முன்பே சென்சார்கள் அவரைக் கண்டுகொண்டன. ஆனால் சாஃப்ட்வேர் அவரை ஒரு முறை வாகனம் என்றது, ஒரு முறை 'வேறு ஏதோ' என்றது, ஒரு முறை சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அதுவரை அவர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்ற வரலாற்றை அது கணக்கில் எடுக்கவில்லை. கடக்கும் இடம் அல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த வடிவமைப்பில் இல்லை. ஆபத்து என்று கடைசியில் உணர்ந்தபோதும், தேவையில்லாமல் பிரேக் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்திருந்த ஒரு வினாடித் தாமதம் குறுக்கே வந்தது. வால்வோ தயாரித்த அந்தக் காரில் ஏற்கெனவே இருந்த அவசர பிரேக், கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி அணைக்கப்பட்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்புவரை காரில் இரண்டு கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள். நிறுவனம் ஒருவராகக் குறைத்திருந்தது. அந்த ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை முடிவுகளும் அலுவலகத்தில், பகல் வெளிச்சத்தில், யோசிக்க வேண்டிய அளவு நேரத்தோடு எடுக்கப்பட்டவை. 2019-இல் அரசு வழக்கறிஞர் நிறுவனத்தின் மீது குற்றவியல் வழக்குக்கு இடமில்லை என்றார். கண்காணிப்பாளர் மீது வழக்கு நடந்தது. 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர் செய்ததற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நிறுவனத்துக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது. சட்டம் பிடித்தது வினாடிக்கணக்கில் நேரம் இருந்தவரை.

நீங்கள் சொல்லப்போவது தெரியும். குற்றம் யாருடையது என்று தீர்ப்பது நாடுகளின் சட்டம், எங்கள் வேலை தொழில்நுட்பத் தரம் மட்டும். பாதி உண்மை. விபத்தில் எது பதிவாகிறது, எத்தனை வினாடி பதிவாகிறது, அதை எப்படிப் படிக்க முடியும் என்பதை நீங்கள் எழுதுகிறீர்கள். நீதிமன்றத்துக்கு வருவது அந்தப் பதிவுதான். அமைப்பு எந்தத் தருணத்தில் 'அணைந்துவிட்டது' என்று எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறவர், பாதித் தீர்ப்பையும் எழுதிவிடுகிறார்.

பதிவு கம்பெனியின் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ சாட்சி. 2023 அக்டோபரில் வேறொரு கார் மோதித் தூக்கி எறிந்த பெண், குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரே இல்லாத டாக்சியின் முன் விழுந்தார். டாக்சி மோதி நின்றது. அப்புறம் ஓரங்கட்டுவதாக நினைத்து அவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. அந்த இரண்டாவது பகுதியைத் தங்களுக்குச் சொல்லவில்லை என்று கலிபோர்னிய வாகனத் துறை கூறி, அனுமதியை நிறுத்திவைத்தது. விசாரணையைத் திசைதிருப்பும் நோக்கில் பொய் அறிக்கை கொடுத்ததை 2024-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. ஃபுளோரிடாவில் 2019-இல் நடந்த டெஸ்லா விபத்து வழக்கில், நிறுவனம் தன்னிடம் இல்லை என்ற தரவை, பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு நிபுணர்தான் காரின் கணினியிலிருந்து மீட்டெடுத்தார். அந்த வழக்கில் ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது. ஆனாலும் 2025 ஆகஸ்டில் ஜூரி மூன்றில் ஒரு பங்குப் பொறுப்பை நிறுவனத்தின் மீது வைத்து, அது 24 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்றது. பொறுப்பைப் பங்குபோடலாம், முடியாத காரியம் இல்லை. ஆனால் அதற்குத் தரவு வெளியே வர வேண்டும். காரின் கணினியைக் கிளறத் தெரிந்த நிபுணர் எல்லாருக்கும் கிடைப்பாரா?

இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சாலையில் ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். அதில் பெரும்பகுதி மனிதர்கள் ஓட்டிய வண்டிகளால்தான். தானியங்கி அவசர பிரேக் எத்தனையோ மோதல்களைத் தடுத்திருக்கிறது, யாரும் கைதட்டாமலேயே. அது மனிதரின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை, அவர் தவறும் இடத்தில் மட்டும் வருகிறது. நான் கேள்வி கேட்பது, வேலையை எடுத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும் அமைப்பை. இன்னொன்று: இறப்பவர்களில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவர்கள். திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியது ஓட்டுநர். எதிரே வந்தவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

வேறு வழி இருக்கிறது என்பதும் தெரிந்ததே. 2015-இலேயே வால்வோ தலைவர், கார் தானாக ஓடும்போது நடக்கும் விபத்துக்குத் தாங்களே முழுப் பொறுப்பு என்றார். பிரிட்டன் 2024-இல் இயற்றிய தானியங்கி வாகனச் சட்டம், அனுமதி பெற்ற கார் தானாக ஓடும் நேரத்தில் ஓட்டிய விதத்துக்காக உள்ளே இருப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. விபத்துக்கு முந்தைய 30 வினாடிக்குள் எப்போதாவது உதவி அமைப்பு இயங்கியிருந்தால் அந்த விபத்தை அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் 2021-இல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கடைசி வினாடியில் கைகழுவும் வேலையை அந்த ஒரு வரி அடைத்துவிட்டது, விபத்தை அறிவிக்கும் அளவிலாவது.

அந்த 30 வினாடியை உங்கள் 171-ஆம் விதிக்குள் கொண்டுவாருங்கள். மோதலுக்கு முந்தைய 30 வினாடிக்குள் அணைந்த அமைப்பு, இயங்கிக்கொண்டிருந்த அமைப்பாகவே பதிவாகட்டும். 157-ஆம் விதி கேட்கும் பதிவு, அதாவது எப்போது தொடங்கியது, எப்போது மனிதரைக் கேட்டது, எப்போது யார் கையில் எடுத்தார் என்ற நேரக் குறிப்பு, உதவி அமைப்பு உள்ள ஒவ்வொரு காரிலும் அதே தரத்தில் இருக்கட்டும். அதைப் படிக்கக் கம்பெனியின் கருவியோ தயவோ தேவைப்படக் கூடாது. விசாரிப்பவரும் பாதிக்கப்பட்டவரும் நேரடியாகப் படிக்க வேண்டும். இரவோடு இரவாக வரும் சாஃப்ட்வேர் மாற்றத்துக்கு ஏற்கெனவே 156-ஆம் விதி வைத்திருக்கிறீர்கள். விபத்து நாளில் காரில் எந்தப் பதிப்பு இருந்தது, முந்தையதிலிருந்து அதில் என்ன மாறியது என்பதும் அந்தப் பதிவோடு சேரட்டும்.

பெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் சீனா, உதவி அமைப்பை விளம்பரங்களில் 'தானாக ஓட்டும்' என்று அழைக்கத் தடை போட்டது. நீங்களும் போடுங்கள்.

கடைசியாகப் பத்து வினாடி. உதவி அமைப்பில் அதைத் தர முடியாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள், ஏனென்றால் எதிரே வருவது அவர்களுக்கே பத்து வினாடி முன்பு தெரியாது. அப்படியானால் அந்த வேகத்தில் அதை ஓடவிடும் அனுமதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும். உங்கள் கூட்டங்களின் ஆவணங்களைப் பொதுவில் வைக்கிறீர்கள். இதில் எது முடியாதோ, ஏன் முடியாது என்ற காரணத்தை, எந்த உறுப்பினர் எதிர்த்தார் என்பதோடு சேர்த்து அங்கேயே பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சாலையில் நடந்தும் ஓட்டியும் போகிற ஒருவர்