ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அதிகாரிகளுக்கு, தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்

ஐயா, அம்மா, வணக்கம். குறைமாசப் பிள்ளைகளுக்கு வரும் நுரையீரல் நோய்க்குப் பழைய மருந்துகளை முறையாகச் சோதியுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் மகள் 28 வாரத்தில் பிறந்தாள், எடை 980 கிராம். பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை என்று ஆம்புலன்சிலேயே கொண்டுபோனோம். இரண்டு மாதம் கழித்து ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் வீட்டுக்கு வந்தாள். பால் குடிக்கும்போது விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும், நான் மூச்சை எண்ணிக்கொண்டே இருப்பேன். முழுசாக வளராத நுரையீரலை, உயிரைக் காப்பாற்றிய ஆக்சிஜனும் வென்டிலேட்டருமே புண்ணாக்கிவிடுமாம். அந்த நோய்க்குப் பெயர் பி.பி.டி. (ப்ராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா) என்றார்கள்.

அவளுக்குக் காஃபின் கொடுத்தார்கள். காபியில் இருப்பதா என்று பதறினேன். அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், 2,006 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். காஃபின் வாங்காதவர்களில் 100 பேருக்கு 47 பேருக்கு வந்த இந்த நோய், வாங்கியவர்களில் 100 பேருக்கு 36 பேருக்குத்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளை 5 வயதுவரையும் அதற்குப் பிறகும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் கதை வேறு. நுரையீரலுக்கு நல்லது என்று பிறந்த சில நாளிலேயே பல பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், மூளைவாதம் கூடுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் புடசோனைடை நுரையீரலுக்குள் விட்டால் பலன் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பார்த்த ஆய்வு 2024-ல் பி.பி.டி. குறையவில்லை என்று சொல்லிவிட்டது. அதனால் பழைய மருந்துதானே, கொடுத்துப் பார்ப்போம் என்று யாரும் ஊகத்தில் கொடுக்க வேண்டாம், முறையாகச் சோதியுங்கள். காப்புரிமை முடிந்த மருந்துக்குக் கம்பெனிக்காரர்கள் பணம் போடமாட்டார்கள், நீங்கள்தான் போட வேண்டும்.

எங்கள் பிள்ளைகளையும் அந்தச் சோதனையில் சேருங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில், பேச்சு வழக்கில் எழுதுங்கள். குறைமாசப் பிரசவம் ஆகலாம் என்று தெரிந்ததுமே கொடுத்துவிடுங்கள், நடுராத்திரி வலியில் துடிக்கிறவள் கையில் பேனாவைத் திணிக்க வேண்டாம். இன்னொன்று, பிள்ளையைத் திரும்பத் திரும்பக் காட்ட ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், இரண்டு தடவைக்கு மேல் யாரும் வரமாட்டார்கள், உங்கள் கணக்கில் எங்கள் பிள்ளைகள் பாதியில் காணாமல் போவார்கள். பரிசோதனையை ராமநாதபுரத்திலேயே வையுங்கள், பஸ் காசு கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அப்போது கூப்பிட்டால் அப்பாக்களும் வருவார்கள்.