எங்கள் நகரப் பயணத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். இந்த மடலில் யாருடைய பெயரும் இல்லை. உங்களில் சிலர் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள். சிலரிடம் பெயரைக் கேட்கும் அளவுக்கு நேரமே கிடைக்கவில்லை. இருந்தாலும் படிக்கும்போது "இது நம்மைத்தான் சொல்கிறார்கள்" என்று அவரவருக்குப் புரிந்துவிடும்.

விடுமுறையில் ஒரு பெருநகரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அதற்காக வீட்டில் போய்க் கை நீட்டக் கூடாது. இவ்வளவுதான் எங்கள் திட்டம். கையில் இருந்ததெல்லாம் பகுதிநேர வேலையில் சேர்த்த பணம். போனோம், ஆசைப்பட்டதில் பெரும்பாலானவற்றைப் பார்த்தோம், கடன் இல்லாமல் திரும்பினோம். வகுப்பில் இதை எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களால் பத்துப் பைசா ஆதாயம் இல்லாத நீங்கள், கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொன்னதால்தான் அந்தப் பணம் மிஞ்சியது. அதைப் பொதுவில் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் சீனியர் அக்காவுக்கு. "ஆளுக்கு எவ்வளவு போடலாம்?" என்று நாங்கள் சத்தமாகப் பேச ஆரம்பித்ததுமே நிறுத்தச் சொன்னீர்கள். எல்லோர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "உன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியுமோ எழுது, பெயர் வேண்டாம்" என்றீர்கள். சீட்டுகளை வாங்கிப் பார்த்து, அதில் இருந்த மிகக் குறைந்த தொகையை மட்டும் படித்துவிட்டு, மற்றதையெல்லாம் கிழித்துப் போட்டீர்கள். "இதுதான் எல்லோருக்கும்." அந்தச் சீட்டு யாருடையது என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது, அதை எழுதியவரைத் தவிர. பொதுவாக இந்த மாதிரிப் பயணங்களில் யாராவது ஒருவர் "எனக்கு ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது" என்று கடைசி வாரத்தில் கழன்றுகொள்வார். எங்கள் கூட்டத்தில் அப்படி யாரும் விலகவில்லை.

அப்புறம் அந்தத் தொகையைப் பிரித்துக் காட்டினீர்கள்: போக வர, படுக்க, ஊருக்குள் சுற்ற, நுழைவுச்சீட்டு, சாப்பாடு. ஆறாவதாக, என்ன ஆனாலும் தொடக் கூடாத ஒரு பகுதி. தேதியை முடிவு செய்வதற்கு முன் அந்த வாரத்தில் ஊரில் பெரிய கண்காட்சியோ மாநாடோ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். சுற்றுலாவால் நிரம்பும் ஊரில் வார நாளிலும், அலுவலகங்களால் நிரம்பும் ஊரில் சனி ஞாயிறிலும் படுக்கை மலிவு என்று நீங்கள் சொன்ன பிறகு, தேதியை நகர்த்துவது தள்ளுபடிக் கூப்பன் தேடுவதைவிட லாபம் என்று புரிந்தது.

இளைஞர் விடுதியின் மேலாளர் அம்மாவுக்கு. உங்களைக் கூப்பிடுவதற்கு முன் வேறொரு தங்குமிடத்தைப் பார்த்திருந்தோம். திரையில் காட்டிய வாடகை ஒன்று. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சுத்தம் செய்யும் கட்டணம், விரிப்புக் கட்டணம், சாவிக்கு முன்பணம் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தன. நீங்களோ தொலைபேசியை எடுத்த கையோடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள்: வரி எவ்வளவு, விரிப்பு உண்டா, லாக்கருக்குப் பூட்டு நாங்களே கொண்டுவர வேண்டும், சமையலறை எத்தனை மணி வரை. நகரத்துக்கு வெளியே இருக்கும் உங்களுடைய இன்னொரு கிளை இன்னும் மலிவாயிற்றே என்று கேட்டதற்கு, "கடைசி ரயில் சீக்கிரம் போய்விடும். ஒரு நாள் டாக்சியில் வந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் காலி" என்றீர்கள். விற்கிறவரே தன் சரக்கில் ஒன்றை வேண்டாம் என்று சொல்வதை அன்றுதான் கேட்டோம்.

இரண்டு பக்கமும் இரவு ரயிலில் வந்தால் தங்கும் செலவு மிச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். வரும்போது வேண்டாம், திரும்பும்போது மட்டும் என்றீர்கள் நீங்கள். சரியாகத் தூங்காமல் வந்து இறங்கினால் முதல் நாளைத் தூங்கியே கழிப்பீர்கள் என்பது உங்கள் கணக்கு. செலவைக் குறைப்பது என்றாலே உடம்பை வருத்துவது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

வரவேற்பறையில் நீங்கள் சொன்ன கதையும் மறக்கவில்லை. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் போன இடத்தில் இடி மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். விடுமுறையில் பள்ளிகள் சும்மாதானே கிடக்கின்றன, பிள்ளைகள் தங்கட்டுமே என்று அவருக்குத் தோன்றியதில் பிறந்ததுதான் இளைஞர் விடுதி. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. 1932-க்குள் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு சர்வதேசக் கூட்டமைப்பே அமைத்துவிட்டன. நாங்கள் படுத்த அடுக்குக் கட்டிலுக்கு இவ்வளவு வரலாறா என்று ஆச்சரியமாக இருந்தது.

சுற்றுலாத் தகவல் மையக் கவுண்டரில் இருந்த அண்ணாவுக்கு. எல்லா இடத்துக்கும் ஒரே அட்டை என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை வாங்கத்தான் உங்கள் முன் வந்து நின்றோம். "எங்கெல்லாம் போகப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, ஒரு பழைய ரசீதைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு இழுத்தீர்கள். இடது பக்கம் நாங்கள் சொன்ன இடங்கள், வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் மாணவர் கட்டணம். கூட்டினால் அட்டையின் விலையில் பாதியைக்கூடத் தொடவில்லை. அந்த அட்டை முழுக்கட்டணம் கட்டுகிறவர்களுக்கு லாபம், மாணவர்களுக்கு ஏற்கெனவே சலுகை இருப்பதால் பெரும்பாலும் நஷ்டம் என்று விளக்கினீர்கள். அதோடு விடாமல், ஒரு நாளில் அத்தனை இடமும் பார்க்க ஓடினால்தான் அட்டைக்குக் கொடுத்த காசு தேறும், ஓடினால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது என்றும் சொன்னீர்கள். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் சேர்ந்த நாள் சீட்டை மட்டும் வாங்கினோம், அதுவும் தொலைவாகப் போகும் நாட்களுக்கு மட்டும். அந்த ரசீது இன்னும் எங்களிடம் இருக்கிறது.

துறை அலுவலகத்தில் கடிதம் தட்டிக் கொடுத்த சாருக்கு. எங்கள் அடையாள அட்டையில் சேர்ந்த ஆண்டு இருக்கிறது, முடியும் தேதி இல்லை. "வாசலில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்" என்று, கல்லூரித் தாளில் பெயர், ஆண்டு, முத்திரையோடு எழுதிக் கொடுத்தீர்கள். வெளிநாடு போகிறவர்கள் யுனெஸ்கோ ஒப்புதல் பெற்ற சர்வதேச மாணவர் அட்டையை வாங்கிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னதை ஜூனியர்களிடமும் சொல்லிவிட்டோம்.

அருங்காட்சியகக் காவலர் ஐயாவுக்கு. கட்டணமில்லா மாலை எது என்று முதல் நாளே சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினீர்கள். வார விடுமுறை நாளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். பல இடங்களில் திங்கள் மூடல், பாரிஸில் லூவர் செவ்வாய்க்கிழமை மூடல் என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டோம்.

பொது நூலகத்தில் தண்ணீர் பிடிக்கவும் போனுக்குச் சார்ஜ் போடவும் விட்ட மேடத்துக்கும், இரவு ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்று எங்களை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் நன்றி.

எங்களுக்குள் கணக்குப் பார்த்தவனையும் விட்டுவிட முடியாது. அவன் ஒவ்வொரு சில்லறையையும் எழுதியது சில சமயம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பும் ரயிலில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை அவன் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டான், ஒரு சண்டை இல்லை.

அக்கா தொடக் கூடாது என்ற பகுதியைத் தொடவில்லை. அதை அடுத்த அணிக்கு முன்பதிவுக் கைமாற்றாகக் கொடுக்கத் துறையில் ஒப்படைத்திருக்கிறோம். எங்கள் கணக்குத் தாளின் நகலும் கூடவே இருக்கிறது. கவுண்டர் அண்ணாவின் ரசீதைப் படம் பிடித்து அதில் ஒட்டியிருக்கிறோம், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறோம். உங்களில் யாராவது எங்கள் பக்கம் வந்தால் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். எந்தப் பேருந்தில் ஏறலாம், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்கிறோம்.

நன்றியுடன்,
மூன்றாம் ஆண்டு மாணவர்கள்