குரல் கேட்பவர்கள் குழு: சுமதிக்கு ஒரு கடிதம்

சென்னை

அன்புள்ள சுமதி,

கடிதம் கிடைத்தது. அண்ணன் மகளுக்கு நிச்சயமானதில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். மெட்ரோ வேலைக்காகத் தெருவை மறித்து வைத்திருப்பதால் எங்கே போவதென்றாலும் ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது.

திருச்சியில் குரல் கேட்பவர்களுக்கு, அதாவது பக்கத்தில் யாரும் பேசாதபோதும் காதில் பேச்சுக் குரல் கேட்பவர்களுக்கு, குழு தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, நல்ல காரியம். "அந்தக் குரல் நிஜமா, பிரமையா" என்ற வழக்காடலை மட்டும் உள்ளே விடாதே. யார் பேசுகிறார், என்ன வயசு, எந்த நேரத்தில், என்ன வார்த்தை? கேட்க வேண்டியது இதைத்தான். 2015இல் லூர்மன் என்ற மானுடவியலாளரும் நம் ஊர் மனநல அமைப்பான ஸ்கார்ஃப் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் கலிபோர்னியா, ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்ரா, நம் சென்னை, இடத்துக்கு இருபது பேர். கலிபோர்னியாக்காரர்கள் பெரும்பாலும் அதை மூளைக்கோளாறாகவும் தாக்குதலாகவும் சொன்னார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது சொந்தக்காரர் குரல்: இதைச் செய், அதைச் செய் என்று வேலை ஏவுகிற குரல். நமக்கு இதுதான் பிடி. "பாத்திரம் இன்னும் கழுவலையா?" என்று அத்தை அதட்டினால், அத்தையிடம் பேசுகிற மாதிரியே பதில் சொல்லப் பழக்கலாம்.

ஆளுக்கொரு நோட்டு கொடு. நான்கு கட்டம்: நேரம், யார் குரல், சொன்ன வார்த்தை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார். இரண்டு வாரம் எழுதினாலே போதும்; தூக்கம் கெட்ட மறுநாளா, வீட்டில் தனியாக இருக்கும்போதா என்று தெரிய ஆரம்பிக்கும். எழுதவே மறுப்பவர்கள் உண்டு, "எழுதினா அதுக்குக் கோபம் வரும்" என்பார்கள். வற்புறுத்தாதே, வாய்மொழியாகக் கேட்டு நீயே குறித்துக்கொள்.

அடுத்தது நேரம் ஒதுக்குவது. சாயங்காலம் 7 மணி முதல் 7.15 வரை குரலுக்கு. மற்ற நேரத்தில் வந்தால், "இப்ப வேலையா இருக்கேன், ஏழு மணிக்கு வா." இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். படுக்கப் போகும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் தூக்கம் போய்விடும். ஏழு மணிக்கு உட்காராமல் ஏமாற்றினால் மறுநாள் குரல் இன்னும் அதட்டுவதாகச் சொல்வார்கள். பஸ்ஸில் பதில் சொல்ல வேண்டியிருந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்ளச் சொல். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாதி பஸ் அப்படித்தான் பேசிக்கொண்டு போகிறது.

தன் உள்பேச்சையே தனதென்று மனம் அடையாளம் காணாததால் குரல் வருகிறது என்பது ஒரு விளக்கம். அதனால்தானோ என்னவோ, வாய்க்கு வேலை கொடுத்தால் சிலருக்கு அடங்குகிறது: செய்தித்தாளை வாய்விட்டு வாசிப்பது, தெரிந்த பாட்டை முணுமுணுப்பது. ஒரு காதில் மட்டும் பஞ்சு வைத்தால் குறைகிறது என்பவர்களும் உண்டு.

அறை விஷயத்தில் கவனம். கடகடவென்று ஓடும் மின்விசிறிச் சத்தத்தின் மேலேயே சிலருக்குக் குரல் ஏறி வரும். நிறுத்தினால் மற்றவர்கள் வெந்துபோவார்கள். சத்தமில்லாத டேபிள் ஃபேனைத் தூரத்தில் வை. ஆறிலிருந்து எட்டு பேர், ஒன்றரை மணி நேரம். நடத்துபவர் இருவரில் ஒருவர் குரல் கேட்பவராகவே இருந்தால் பேச்சு தானாக வரும்.

குரல் கேட்பது எப்படி இருக்கும் என்று உணர, குடும்பத்தாருக்குத் தனியாக ஒரு நாள் வை. மூன்று பேர் உட்காரட்டும். ஒருவர் ரேஷன் கார்டு விவரம் கேட்க, இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். மூன்றாமவர் நாளிதழைக் குழாயாகச் சுருட்டி, பதில் சொல்பவர் காதருகே வைத்து, "தப்பாச் சொல்ற", "கதவைப் பூட்டினியா?" என்று விடாமல் கிசுகிசுப்பார். மூன்று நிமிடம், பிறகு இடம் மாறட்டும். தன் வீட்டு விலாசமே தடுமாறும். கெட்ட வார்த்தை வேண்டாம், குரல் கேட்பவர்களை இதில் உட்கார வைக்கவும் வேண்டாம்.

லண்டனில் ஜூலியன் லெஃப் தொடங்கிய அவதார் சிகிச்சையைக் கேட்டிருந்தாய். குரலுக்குக் கணினியில் முகம் கொடுத்து, கேட்பவரை அந்த முகத்தை எதிர்த்துப் பேசவைப்பது. 2018இல் வந்த ஆய்வில் 150 பேர், ஆறு அமர்வுகள். 12ஆம் வாரத்தில் ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல பலன், 24ஆம் வாரத்தில் அந்த வித்தியாசம் இல்லை. கணினி இல்லாத நீ குரலின் முகத்தை வரையச் சொல்லிப் பார்க்கலாம். வசைபாடும் குரலோடு மோதவிடுவதைப் பயிற்சி உள்ளவர் இல்லாமல் செய்யாதே.

எல்லாவற்றையும் குழுவில் சேர்க்கவும் கூடாது. காய்ச்சலோடோ வலிப்போடோ திடீரென்று ஆரம்பித்த குரல், குடியை நிறுத்திய சில நாளில் வந்த குரல், இவை நேராக மருத்துவமனைக்கு. காது மந்தமான பெரியவர் என்றால் முதலில் காதுப் பரிசோதனை. "என்ன செய்யச் சொல்லுது? செஞ்சிடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேள், கேட்பதால் எண்ணம் முளைக்காது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போ, தனியாக விடாதே. 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவை. குழுவுக்கு வருகிறோமே என்று யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்பதைக் கூட்டம்தோறும் சொல்.

நோட்டு மாதிரிப் பக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன். கட்டத் தலைப்புகளை உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்.

அன்புடன்,
கோமதி