அங்கே நிலவுதான் தகப்பன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மெசபடோமியத் (இன்றைய இராக் பகுதியின் பழைய நாகரிகங்கள்) தெய்வங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இதைத் தொடுகிறவர்கள் குறைவு, அதற்காகவே நன்றி. ஆனால் கூடவே வந்த பெட்டிச் செய்தி எனக்கு வருத்தம் தந்தது. சூரியனில் தொடங்கிச் சனியில் முடித்து, கோளுக்கொரு தெய்வமாக வாய்ப்பாடு போலக் கொடுத்திருந்தீர்கள். மாணவர்கள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வரிசை. அங்கே சூரியன் தலைவன் இல்லை. நிலவுத் தெய்வமான சின் (சுமேரியருக்கு நன்னா) தான் தகப்பன். சூரியனுக்குரிய ஷமாஷும் வெள்ளிக்குரிய இஷ்தாரும் அவருடைய பிள்ளைகள். மேற்கே முதல் பிறை தென்படும் மாலையில்தான் பாபிலோனியருக்கு மாதம் பிறக்கும், நாளும் அந்தியில்தான் தொடங்கும். ஊர் என்ற நகரத்தில் ஊர்-நம்மு அரசன் எழுப்பிய பெரிய சிகுராத் (அடுக்கடுக்கான கோபுரக் கோயில்) நிலவுக்கு உரியது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இஷ்தாரை "காதல் தெய்வம், நம் சுக்கிரன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நம் சுக்கிரன் ஆண், அசுரர்களின் குரு. இஷ்தாரோ பெண், போருக்கும் அவளே தெய்வம். அவளுடைய சுமேரியப் பெயர் இனன்னா. உருக் நகரில் கிடைத்த, ஏறக்குறைய 5,000 ஆண்டுப் பழைய களிமண் பலகைகளிலேயே விடியல் இனன்னா, அந்தி இனன்னா என்று தனித்தனியே குறித்திருக்கிறார்கள். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் அவர்களுக்கு ஒரே தேவியின் இரு தோற்றங்கள். பாபிலோன் அரசன் ஹமுராபியின் வழிவந்த அம்மிசதுக்கா என்ற அரசனின் காலத்தில், கி.மு. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில், வெள்ளி எந்த நாளில் மறைந்தது, எத்தனை நாள் கழித்து எந்தத் திசையில் மீண்டும் தெரிந்தது என்று 21 ஆண்டுகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இத்தனை பொறுமையாக வானத்தைப் பார்த்தவர்களைப் பற்றி உங்கள் பெட்டியில் ஒரு சொல்கூட இல்லை.

சனிக்கு உரியவர் நினுர்த்தா என்ற போர்த் தெய்வம் என்பதும் அவ்வளவு உறுதியானதல்ல. முல் அபின் என்ற அவர்களது வானியல் தொகுப்பு புதனைத்தான் நினுர்த்தா என்கிறது. புதன், எழுத்தின் தெய்வமான நபூவுக்கு உரியதாக அறியப்பட்டது பிற்பாடு.

இன்னொன்று, கோளே தெய்வம் என்று அவர்கள் நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். அதுவும் அவ்வளவு எளிதல்ல. கோளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிப்பு', அதாவது காட்டு ஆடு. மற்ற விண்மீன்கள் மந்தையாக ஒழுங்காய்ப் போக, இவை மட்டும் தம் போக்கில் அலைகின்றன. பாபிலோனின் தலைமைத் தெய்வமான மர்துக் குடியிருப்பது அந்நகரின் எசகிலா கோயிலில், வியாழன் அவருடைய விண்மீன். கிரகணத்தின்போது வியாழன் கண்ணில் பட்டால் அரசனுக்கு ஆபத்தில்லை என்று அசீரிய அரண்மனை அறிஞர்கள் நம்பினார்கள். தெய்வம் வானத்தில் எழுதிக் காட்டுகிறது, படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்கிறான் என்பதே அவர்கள் எண்ணம்.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கூடவே அம்மிசதுக்கா காலத்து வெள்ளிக் கோளின் கணக்கைச் சொல்லும் களிமண் பலகையின் படத்தையும் வெளியிடுங்கள். அசீரியத் தலைநகரான நினிவேயில் கிடைத்த அதன் பிரதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்