இரட்டை வேடம் பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. உன் மாணவர்கள் எடுக்கப்போகும் ஆள்மாறாட்டக் குறும்படத்துக்கு எதைப் போட்டுக் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். 'கெட் ஸ்மார்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் சீசனில், 1968-இல் வந்த 'தி கிங் லிவ்ஸ்?' அத்தியாயத்தைக் காட்டு.

உளவுப்பட மோகத்தைக் கிண்டலடிக்க மெல் ப்ரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கி, 1965-இல் தொடங்கிய தொடர் அது. ஏஜெண்ட் 86 மேக்ஸ்வெல் ஸ்மார்ட்டாக நடித்த டான் ஆடம்ஸே இதில் கரோனியா நாட்டு அரசர் சார்ல்ஸாகவும் வருவார். அரசர் உயிருக்கு ஆபத்து. அவர் இடத்தில் ஸ்மார்ட் போய் உட்கார வேண்டும். அரசருக்குப் பதில் அவரைப் போலவே இருக்கும் ஒருவர் நடிக்கும் 'ப்ரிஸனர் ஆஃப் ஜெண்டா' நாவல்தான் மூலம். நம் 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்கும் அந்தக் கதையோடு உறவு உண்டு என்பதால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

முதலில் குரலைக் கவனிக்கச் சொல். ஸ்மார்ட்டின் மூக்குக் குரல், நடிகர் வில்லியம் பவலின் பேச்சை மிகைப்படுத்திப் பிடித்தது. அரசருக்கோ ரொனால்ட் கோல்மனின் குழைவான உச்சரிப்பு. 'ப்ரிஸனர் ஆஃப் ஜெண்டா' 1937-இல் படமானபோது இதே இரட்டை வேடம் போட்டவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பேசுவது யாரென்று தெரிந்துவிடும். கதைக்குள் இருப்பவர்கள்தான் குழம்ப வேண்டும்; பார்ப்பவரும் சேர்ந்து குழம்பினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். மச்சம், மீசை என்று அடையாளம் வைத்தால் தூரக்காட்சியில் காணாமல் போகும். குரலும் நடையும் போகாது.

இந்தத் தொடர் அரங்கப் பார்வையாளர் இல்லாமல் ஒற்றைக் கேமராவில் எடுக்கப்பட்டது. அதனால் ஒரே நடிகரை இரண்டு ஆளாக எடுக்க அவகாசம் இருந்தது. உன் பிள்ளைகள் மொபைலிலேயே எடுக்கலாம். ட்ரைபாடை ஆடாமல் இறுக்கிவிட்டு, ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யச் சொல். ஆட்டோவில் விட்டால் நடிகர் வெளிர் உடைக்கு மாறியதும் பின்சுவரின் நிறமும் மாறி, இரண்டு டேக்கையும் சேர்க்கும் ஒட்டு பல்லிளிக்கும். இடப்பக்க வேடத்தை முழுதாக எடுத்துவிட்டு, உடை மாற்றி வலப்பக்கம். எடிட்டிங்கில் ஒட்டு, தூண் விளிம்பிலோ கதவு நிலையிலோ விழட்டும். கையோ நிழலோ அந்தக் கோட்டைத் தாண்டினால் வெட்டுப்படும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பவே வேண்டாம். உடை மாற்றி வருவதற்குள் வெயில் நகர்ந்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது பார்வையில்தான். எதிரே ஆள் நிற்கும் இடத்தில், கண் உயரத்துக்கு ஒரு குச்சியில் துண்டு டேப் ஒட்டி வையுங்கள். முதல் டேக்கின் ஒலியைக் காதுக்கருவியில் ஓட விட்டால் பதில் வசனமும் சரியான நேரத்தில் விழும். ஒட்டுக் காட்சி இரண்டு மூன்று போதும். மற்ற இடங்களில் அதே முடிவெட்டும் தோள் அகலமும் உள்ள ஒருவரை முதுகு காட்டி நிறுத்திவிடு.

வசனப் பிரதி தயாரானதும் அனுப்பு, படித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
ரவி