ஆறுமணிக்குருவி வந்தாச்சு

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வெளிநாட்டு இலையுதிர்காலம்னு செவப்பு செவப்பா மரமா போட்டிருந்தீங்க, சும்மா சொல்லக்கூடாது, பாக்க அவ்ளோ அழகு, என் பேத்தி ஒரு பக்கத்த கிழிச்சு பீரோ கதவுல ஒட்டியே வச்சுட்டா. ஆனா அதே மாசத்துல எங்க ஊர்ப்பக்கம் என்ன நடக்குதுன்னு ஒரு வரி போட்டிருக்கலாம்ல? அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் இருக்கது கடையம். இங்க சீசன் மாறுறதுக்கு காலண்டர் பாக்க வேண்டாம், காத்தே சொல்லிரும். ஆனி ஆடில செங்கோட்டை கணவாய் வழியா மேக்க இருந்து அடிக்கிற அடில மொட்டமாடில காயுற துணிக்கு ரெண்டு ரெண்டு கிளிப் மாட்டணும். புரட்டாசில அது படக்குனு நின்னுரும். பொன்னுருகக் காயும் மண்ணுருகப் பெய்யும்னு சொல்றது இந்த மாசத்தத்தான், பகலெல்லாம் வேகவச்சுட்டு சாயங்காலம் இடியோட கொட்டிட்டு போயிரும். கார் போக நெல்லு அறுத்த வயக்காட்டு மேல தட்டான் கூட்டங்கூட்டமா சுத்தும் (அதுல ஒரு வகை அக்டோபர்ல கடல் தாண்டி மாலத்தீவுல போய் இறங்குதாம், அந்த கண்ணாடி றெக்கைய வச்சுக்கிட்டு!). அப்புறம் ஒருநாள் கெழக்க இருந்து ஈரமா கொண்டல் காத்து வரும், அடுத்த போகமான பிசான நெல்லுக்கு நாத்து பாவ ஆரம்பிச்சிருவாங்க. வடகிழக்கு பருவமழை அக்டோபர் 20 வாக்குல தொடங்கும்னு கணக்கு, தமிழ்நாட்டு வருச மழைல கிட்டத்தட்ட பாதி இதுலதான்.

ஆனா எனக்கு ஐப்பசின்னா மொதல்ல ஞாபகம் வர்றது மழை இல்ல, ஒரு குருவி. காலைல ஆறு மணி வாக்குல ஒரு தடவ, சாயங்காலம் ஆறு மணி வாக்குல ஒரு தடவ வீட்...டியூன்னு ரெண்டு சுதில விசில் அடிக்கும், அதனால பேரே ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன்னும் சொல்வாங்க. இமயமலை அடிவாரம், நடு இந்தியா அங்கெல்லாம் குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு முன்னாடி நம்ம பக்கம் வந்துரும், இலங்கை வரைக்கும்கூட போகும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒருநாள் விடியக்காலைல துவைக்கிற கல்லு பக்கத்துல ஒண்ணு பறந்து வந்த களைப்புல போல அசையாம உக்காந்திருந்துச்சு. பச்சை முதுகு, றெக்கைல பளிச்சுனு நீலம், கண்ணுக்கு மை தீட்டுன மாதிரி கறுப்பு பட்டை, வாலுக்கு கீழ குங்குமம். வால்னு சொல்லிக்கிறதுக்கு ஒண்ணும் பெருசா இல்ல. கைல எடுத்தா ஒரு எலுமிச்சம்பழ கனம்தான். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில வச்சு இருட்டு ரூம்ல விட்டுட்டோம், சாயங்காலம் தொறந்தா துள்ளி துள்ளி நேரா மாமரத்தடி சருகுக்குள்ள போயிட்டு, போன வேகத்துல இலைய பொரட்டி பொரட்டி புழு பொறுக்க ஆரம்பிச்சுட்டு.

அன்னைலருந்து வீட்ல சண்டை. எங்க அத்தைக்கு சருகு கண்ணுல படக்கூடாது, "ஏளா, இப்படி குப்பையா கெடந்தா வீட்ல பொம்பளை இருக்காளான்னு கேக்க மாட்டாங்களா"ன்னு சீமாத்த எடுத்துருவாங்க. கூட்டி தீ வேற வச்சிருவாங்க. அவங்கள மட்டும் சொல்லி என்ன, தெருத்தெருவா இந்த நேரத்துல சருக கூட்டி எரிக்கத்தான் செய்யுறாங்க. அந்த குருவிக்கு சாப்பாடே அதுக்குள்ளதான இருக்கு. சித்திரை வரைக்கும் இங்க இருந்துட்டுப் போற விருந்தாளிக்கு இலைய எடுத்துட்டு சாப்பிடச் சொன்னா எப்படி?

இன்னொண்ணும் சொல்லிறணும். பிள்ளைங்க பாடத்துல செப்டம்பர் அக்டோபர இலையுதிர்காலம்னு படிக்குதுங்க, நம்ம பக்கம் மரம் மொத்தமா இலைய கொட்டுறது மாசி பங்குனில. ஐப்பசி கார்த்திகை நமக்கு கூதிர்காலம். பேத்திகிட்ட இத சொன்னா "பரீட்சைல அப்படி எழுதுனா மார்க் போடுவாங்களா ஆச்சி"ங்கா, என்ன சொல்ல.

போன வியாழக்கிழமை சாயங்காலம் அடுக்களைல இருந்தேன், அத்தை வெளிய இருந்து சத்தம் போட்டாங்க, "ஒன் ஆளு வந்துட்டான்ளா"ன்னு. மறுநாள் காலைல பாக்கேன், வாசல் பூரா கூட்டியிருக்காங்க, மாமரத்தடிய மட்டும் தொடல.

அடுத்த தடவ இந்த குருவி படத்த கலர்ல பெருசா போடுங்க சார். பீரோல இன்னொரு கதவு காலியாத்தான் இருக்கு.

இப்படிக்கு,
உங்க நாள்பட்ட வாசகி,
கடையம், தென்காசி மாவட்டம்